நிற்றலும் நிறுத்தலும்: இயக்கம் ஒடுங்குதலைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள்

ஹஜ் பயணம் மேற்கொள்வோருக்கென அச்சாகவிருந்த சிறு கையேடு ஒன்றின் மெய்ப்பினைத் திருத்தித் தருமாறு நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். துல்ஹஜ் மாதம் 9-ஆம் நாளுக்குரிய பகுதியில், அன்று அரஃபாத் வெளியில் ‘நிற்க வேண்டும்’ என்று கண்டிருந்தது. அரபு மூலத்தில் உள்ள ‘வுகூஃப்’ என்னும் சொல்லுக்கு நிற்றல் என்பது நேர்ப்பொருளே; பிழை என்று கூற இயலாது. எனினும் அவ்வரியைப் படிக்கும் எழுபது வயது மூதாட்டி ஒருவர், கொளுத்தும் வெயிலில் காலூன்றி நிற்பதே கடமை போலும் என்று எண்ணிக் கலங்கமாட்டாரா? ‘நிற்க’ என்பதை அடித்துவிட்டுத் ‘தங்க’ என்று எழுதினேன். எழுதிய பின்னர் அதுவும் நிறைவு தரவில்லை. இயக்கம் ஒடுங்குதலைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் எது எங்கே பொருந்தும் என்று வரையறுத்துக்கொள்ளாமையே இடர்ப்பாட்டிற்குக் காரணம் எனத் தோன்றியது. அத்தேடலின் விளைவே இக்கட்டுரை.

இத்துறையில் முதலில் நாடத்தக்கவை நிகண்டுகள். திவாகரம் முதலிய நூல்கள் செயல்பற்றிய பெயர்களைத் தனித் தொகுதியாகவே தொகுத்துத் தருகின்றன. ஆனால் நிகண்டின் நோக்கம் செய்யுள் இயற்றுவோனுக்குச் சொல் வழங்குவது. ஒரு பொருளைத் தரும் சொற்களை அது ஒரே வரிசையில் நிறுத்தும். அவற்றிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கூறுவது அதன் வேலையன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியோ ஒவ்வொரு சொல்லுக்கும் பல பொருள்களை எண்ணிட்டுத் தருகிறது. எனினும் ஒரு சொல்லை விடுத்து மற்றொன்றை மக்கள் ஏன் தேர்கின்றனர் என்பதை அதிலும் நாமே உய்த்துணர வேண்டியுள்ளது. ஆகவே வழக்கினையே சான்றாகக் கொள்வது நன்று.

நில்

இவ்வகைச் சொற்களுக்கெல்லாம் தலைமையானது ‘நில்’. இதன் வியப்புக்குரிய இயல்பு, ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு பொருள்களை ஒரே நேரத்தில் தாங்குவதாகும். ‘மழை நின்றது’ என்றால் பெய்யவில்லை என்பது பொருள். ‘மழை நின்று பெய்தது’ என்றாலோ விடாது சீராகப் பெய்தது என்பது பொருள். முன்னதில் நில் என்பது ஒழிதல். பின்னதில் அதுவே நீடித்தல். தெய்வம் நின்று கொல்லும் என்னும் பழமொழியிலும், விளக்கு நின்று எரிகிறது என்னும் வழக்கிலும் இந்த இரண்டாம் பொருளே உள்ளது. இடம்விட்டு இடம் பெயர்வது நின்றால் அது ஒழிதல். இடத்தை விட்டு அகலாதிருந்தால் அது நிலைத்தல். இரண்டிற்கும் அடிப்படை பெயராமை ஒன்றே. நிலை, நிலுவை, நிலையம் ஆகியன யாவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவை. கொடுக்கப்படாமல் நின்றுவிட்ட தொகையே நிலுவை.

நில் என்பதன் பிறவினை வடிவம் நிறு, நிறுத்து என்பன. இவற்றிலும் அந்த இருமை தொடர்கிறது. வண்டியை நிறுத்தினான் என்பதில் இயக்கம் ஒழிகிறது. தூணை நிறுத்தினான் என்பதில் ஒன்று நிலைபெறுகிறது. நிறுவனம் என்னும் சொல்லில் எஞ்சியிருப்பது இந்த இரண்டாம் பொருள். நிறுத்தல் என்பது எடை பார்த்தலையும் குறிக்கும். துலாக்கோலின் நா ஆடாமல் நின்ற பின்னரே எடை தெரிகிறது. அதனால் இப்பொருள் வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

பேருந்து நிலையம், பேருந்து நிறுத்தம் என இரண்டு சொற்களை நாள்தோறும் வழங்குகிறோம். நிலையம் என்பது வண்டிகள் வந்து நின்று, ஆள் மாறி, மீண்டும் புறப்படும் இடம். வண்டி இல்லாத நேரத்திலும் அது நிலையமே. நிறுத்தமோ வழியில் ஒருவர் நிறுத்துவதால் உண்டாவது. யாரும் ஏறவோ இறங்கவோ இல்லையெனில் வண்டி நில்லாமலே சென்றுவிடும். தன்வினையிலிருந்து ஒரு பெயரும் பிறவினையிலிருந்து மற்றொரு பெயரும் தோன்றித் தத்தம் வேலையைத் திறம்படச் செய்கின்றன. பெயரிட்டவர் எவராயினும் இலக்கண உணர்வு மிக்கவர் எனலாம். நடத்துநர் மட்டும் இவ்விரண்டையும் ஒதுக்கி ‘ஹோல்டான்’ என்கிறார். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கிறது. இரு விசிலுக்குப் புறப்படுகிறது. மொழியே வேண்டாத இடம் அது.

நிறுத்தம் என்னும் சொல்லில், நின்றது மீண்டும் தொடங்கக்கூடும் என்னும் குறிப்பு மறைந்துள்ளது. வேலைநிறுத்தம் செய்வோர் வேலையை விட்டு விலகியவர் அல்லர். முதலாளி ஆலையை மூடினால் அதனைக் கதவடைப்பு என்கிறோமே அன்றி நிறுத்தம் என்பதில்லை. இலங்கையில் 2002 பிப்ரவரியில் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்படிக்கை; 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து முறைப்படி விலகிற்று. போர் ‘முடிந்தது’ என்று எழுத நேர்ந்தது 2009 மே மாதத்தில். நிறுத்தம், முடிவு ஆகிய இரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எத்துணைப் பெரிது என்பதனை அம்மண்ணின் மக்கள் அறிவர்.

ஓய்தல், விடுதல், வெறித்தல்

மழையை முன்னிட்டு இன்னும் சில சொற்களை நோக்கலாம். மழை நின்றது, ஓய்ந்தது, விட்டது, வெறித்தது என நால்வகையாகக் கூறுவர். நின்றது என்பது பொதுச்சொல். ஓய்ந்தது என்பதில் வலி குன்றி அடங்கிய நிலை தோன்றுகிறது. திடீரென நிற்பது ஓய்தல் ஆகாது. விட்டது என்பதில், இதுவரை ஊரைப் பற்றியிருந்த ஒன்று பிடி தளர்த்திய உணர்வு உண்டு. காய்ச்சல் விட்டது, பள்ளி விட்டது என்பனவும் அவ்வாறே. வெறித்தது என்றால் மழை நின்றதோடு வானமும் வெளிவாங்கிவிட்டது என்பது பொருள்; துணியைக் காயப்போடலாம் என்று வீட்டார் துணிவது அப்போதுதான். இந்நான்கும் இடம் மாறினால் பொருள் கெடும். காய்ச்சல் வெறித்தது என்பார் இல்லை. பள்ளி ஓய்ந்தது என்றால் வேறு ஏதோ நேர்ந்துவிட்டதெனக் கேட்பவர் அஞ்சுவர்.

தடுத்தலும் மறித்தலும்

இதுவரை கண்டவை பெரும்பாலும் இயங்கும் பொருளே தன் இயக்கத்தைக் கைவிடுதலைக் குறிப்பவை. புறத்திலிருந்து வரும் ஆற்றலால் இயக்கம் ஒடுங்குவதைக் குறிக்கும் சொற்கள் வேறு. அவற்றுள் தடு, மறி, விலக்கு ஆகிய மூன்றும் ஆழ்ந்து நோக்கற்பாலன.

நிறுத்து என்பதற்கும் தடு என்பதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு காலம் பற்றியது. தொடங்கிவிட்டதை நிறுத்துகிறோம், தொடங்கும் முன்னரோ இலக்கை எட்டும் முன்னரோ தடுக்கிறோம். தடுப்பூசி நோயை நிறுத்துவதன்று, வாராமற் செய்வது. தடுப்புக்காவல் என்பது குற்றம் நிகழும் முன்னரே ஒருவரை அடைத்து வைப்பது. அச்சொல்லில் உள்ள காலமுறையே அச்சட்டத்தைப் பற்றிய வாதங்களுக்கெல்லாம் ஊற்றுக்கண். இன்னொரு வேறுபாடு அதிகாரம் பற்றியது. ஓட்டுநர் தம் வண்டியை நிறுத்தலாம், தடுத்தல் இயலாது. தடுப்பவர் எப்போதும் வேறொருவரே.

மறி என்பது குறுக்கே நிற்றல். இச்சொல்லின் பழம்பொருள் மடங்குதல், திரும்புதல் என்பன. அலை கரையில் மோதி மறிந்தது என்பதில் அப்பொருளைக் காணலாம். சென்ற திசையிலேயே திருப்பும்படி எதிர்நிற்பதே மறித்தல். தடுப்பதற்கு ஒரு சுவரோ சொல்லோ போதும்; மறிப்பதற்கு உடல் வேண்டும். ஆகவேதான் விடுதலைப் போராட்டக் காலத்தில் கள்ளுக்கடைகளின் முன்னே தொண்டர்கள் நின்றதை ‘மறியல்’ என்றனர். அங்கு வாயிலை அடைத்தது கதவன்று, மனித உடல்கள். சாலை மறியல், இரயில் மறியல் என இன்றும் தமிழ்நாட்டில் அச்சொல் வழங்குகிறது. இலங்கையிலோ அதே சொல் நேர் எதிரான பக்கத்தில் நிற்கிறது. அங்கு விளக்கமறியல் என்றால் வழக்கு விசாரணை நிலுவையில் உள்ளபோது ஒருவரைக் காவலில் வைத்தல். மறியற்சாலை என்றால் சிறைச்சாலை. இங்கே குடிமகன் அரசை மறிக்கிறான். அங்கே அரசு குடிமகனை மறிக்கிறது. ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடந்தவுடன் கைமாறிவிட்டது.

விலக்கு என்பது இவ்விரண்டிலும் வேறானது. அது நேரே எதிர்ப்பதில்லை. ஒரு பக்கமாக அகற்றுகிறது. சண்டையிடும் இருவரை விலக்குகிறோம், திரையை விலக்குகிறோம். 1937-இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் கொணர்ந்த சட்டத்தை மதுத்தடை என்னாது மதுவிலக்கு என்றே தமிழகம் அழைத்தது. தடை என்றால் அரசின் ஆணை மட்டுமே தோன்றும். விலக்கு என்றால் மனிதன் தானே அதனை விட்டு அகல்வதும் உடன் தோன்றும். மார்க்க நூல்களைத் தமிழில் எழுதுவோர் ஹராம் என்பதற்குத் ‘தடுக்கப்பட்டது’, ‘விலக்கப்பட்டது’ என இரண்டையும் மாறிமாறி எழுதுகின்றனர். விதித்தவனை நினைக்கும் இடத்தில் முன்னதும், பின்பற்றுவோனை நினைக்கும் இடத்தில் பின்னதும் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு வேடிக்கை: வரிவிலக்கு என்னும்போது இச்சொல் தடையை அன்று, தடையிலிருந்து கிடைக்கும் விடுதலையைக் குறிக்கிறது.

நீர்வழிச் சொற்கள்

உழவர் மொழியில் இத்துறை மிக வளமானது. நீர் தானே நின்றால் தேங்குகிறது. நாம் நிற்கச் செய்தால் தேக்குகிறோம். தேங்கு–தேக்கு, அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு என மெல்லினம் வல்லினமாகத் திரியத் தன்வினை பிறவினையாதல் தமிழின் அழகிய முறை. ஆனால் தங்கு என்பதற்கு இன்றைய வழக்கில் இவ்வாறு இணைந்த பிறவினை இல்லை. தங்கவை என்று துணைவினை கூட்டியே சொல்ல வேண்டியுள்ளது. தங்குதல் தங்குவோனின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதனாற் போலும்.

அணை, சிறை என்னும் இரண்டும் நீரைத் தடுக்கும் கட்டைக் குறிக்கும். சிறை என்பது பழந்தமிழில் அணைக்கும் பெயர். பிற்காலத்தில் மனிதரை அடைக்கும் இடமே அதன் முதற்பொருளாயிற்று. கடலோரத்துச் சொற்களை விரிப்பின் பெருகும். கப்பல் நங்கூரமிட்டால் அது மீகாமனின் விருப்பம். தரைதட்டினால் விருப்பத்திற்கு மாறான விபத்து. நங்கூரம் என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து கடல்வழியாக வந்து நம் துறைமுகங்களில் நிலைத்துவிட்டது.

வக்ஃபும் அதன் சுற்றமும்

இது நிற்க. அரபு மொழியில் ‘வகஃப’ என்னும் வினைக்கு நின்றான், நிறுத்தினான் என்னும் இரு பொருளும் உண்டு. தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவில் அமைகின்றன. வுகூஃப், வக்ஃபு இரண்டும் இதன் வழிவந்தவை. பள்ளிவாசல்களுக்கும் கல்விச்சாலைகளுக்கும் உரிய வக்ஃபுச் சொத்துகளைப் பற்றிப் பேசும் நம்மிற் பலர், அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘நிறுத்தம்’ என்பதை எண்ணுவதில்லை. நிறுத்தப்படுவது எது? சொத்து கைமாறும் இயக்கம். வக்ஃபு செய்யப்பட்ட நிலத்தை விற்றலாகாது, கொடையாக அளித்தலாகாது, வாரிசுகள் பங்கிடலும் ஆகாது. நிலம் நின்றுவிடுகிறது, அதன் விளைவு மட்டும் நடந்துகொண்டேயிருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, முதலை நிறுத்திக்கொண்டு பயனை அறத்திற்கு விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. அங்கு வரும் அரபுச் சொல் ‘ஹப்ஸ்’ என்பதன் அடியாகப் பிறந்தது. ஹப்ஸ் என்றால் அடைத்து வைத்தல், சிறைப்படுத்தல். மொராக்கோ முதலிய மேற்கு நாடுகளில் வக்ஃபுக்கு இவ்வேரிலிருந்து பிறந்த பெயரே வழங்குகிறது. நீரை அடைக்கும் கட்டுக்குச் சிறை என்று பெயரிட்ட தமிழனுக்கு இந்த உருவகம் அயலானதன்று. சிறைப்பட்ட நீர்தான் வயலுக்குப் பாய்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் கோயில் நந்தாவிளக்கிற்கென விடப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்துள்ளமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மந்தையின் எண்ணிக்கை குறையாது நிற்க வேண்டும். அதனால் கிடைக்கும் நெய் நாள்தோறும் எரிய வேண்டும். சமயம் வேறாயினும், முதல் நிற்கப் பயன் நடக்கும் என்னும் கருத்து ஒன்றே.

நோன்பினைக் குறிக்கும் ‘ஸவ்ம்’ என்னும் சொல்லும் இவ்வினத்தைச் சார்ந்தது. அதன் அடிப்படைப் பொருள் ஒன்றைச் செய்யாது நிறுத்திக்கொள்ளுதல். ஓடாமல் நிற்கும் குதிரைகளையும் அரபியர் இவ்வேர்ச்சொல்லாற் குறித்தனர். தமிழில் நாம் வழங்கும் நோன்பு என்பதோ நோல் என்பதிலிருந்து பிறந்தது, நோற்றல் பொறுத்தல். அரபுச் சொல் உண்ணாமையை நோக்குகிறது. தமிழ்ச்சொல் பசியைத் தாங்குதலை நோக்குகிறது.

குர்ஆன் ஓதுதலில் வக்ஃபு என்பது நிறுத்தி மூச்சு விடுதலைக் குறிக்கும். மதரசாவில் ஓதிய பிள்ளைகள் வரிகளின் மேலுள்ள சிற்றெழுத்துகளை அறிவர். மீம் இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஜீம் இருந்தால் நிறுத்தலாம், தொடரவும் செய்யலாம். லாம்-அலிஃப் இருந்தால் நிறுத்தலாகாது. ஸக்தா என்னும் இடத்தில் ஒலியை நிறுத்த வேண்டும், மூச்சை விடலாகாது. நம் எழுத்தில் கால்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என நிறுத்தத்தை நாழி உழக்குப்போல் அளந்திருக்கிறோம். அங்கோ கடமை, அனுமதி, தடை எனச் சட்டத்தைப்போல் வகுத்திருக்கின்றனர். அதற்குத் தக்க காரணமுண்டு. நான்காம் அத்தியாயத்தின் 43-ஆம் வசனத்தில் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்னும் கட்டளை வருகிறது. பாதியில் நிறுத்தினால் தொழுகையையே நெருங்கலாகாது என்று பொருள்பட்டுவிடும். மூன்றாம் அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தில் பல்பொருள்படும் வசனங்களின் உட்பொருளை அறிவோர் யார் என்பது பேசப்படுகிறது. இறைவனின் பெயரோடு நிறுத்தினால் அவன் ஒருவனே அறிவான் என்றாகும். நிறுத்தாமல் தொடர்ந்தால் கல்வியில் ஆழ்ந்தோரும் அறிவர் என்றாகும். அறிஞரிடையே நிலவும் ஒரு பெருங்கருத்து வேறுபாடு ஒரு மூச்சின் அளவில் அடங்கியுள்ளது.

நிறுத்தினால் ஒலியும் மாறும். தொடர்ந்து ஓதும்போது ‘ஆலமீன’ என்று ஒலிப்பது, நிறுத்தும்போது ‘ஆலமீன்’ என்று மெய்யில் முடிகிறது. தமிழ்ப் புணர்ச்சியிலும் இதனைக் காண்கிறோம். தொல்காப்பியர் ‘நிறுத்த சொல்’ என்றதனைப் பின்னையோர் ‘நிலைமொழி’ என்றனர். நிற்கும் சொல் ஒன்று, வரும் சொல் ஒன்று. இரண்டும் இடைவெளியின்றிச் சேர்ந்தால் வல்லெழுத்து மிகும், ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் திரியும், கெடவும் செய்யும். இடையே நிறுத்திவிட்டால் இரண்டும் இயல்பாய் இருக்கும். சொற்கள் இயங்குவதாகவும் நிற்பதாகவும் கண்ட நம் இலக்கணப் புலவர்களின் பார்வை வகுப்பறையில் போதிய கவனம் பெறுவதில்லை. விதிகளை மனப்பாடம் செய்வதோடு அமைந்துவிடுகிறோம்.

மீண்டும் அரஃபாத்

தொடங்கிய இடத்திற்கு வருவோம். ஹஜ் கடமைகளில் பெரும்பாலானவை இயக்கம் சார்ந்தவை. கஅபாவைச் சுற்றுதல் ஓர் இயக்கம். ஸஃபா, மர்வாவுக்கு இடையே விரைதல் மற்றோர் இயக்கம். அரஃபாத்தில் மட்டுமே இயக்கம் ஒடுங்குகிறது; அதுவே ஹஜ்ஜின் தலையாய கடமையும் ஆகும். அது தவறினால் ஹஜ்ஜே தவறும். ஆயினும் அங்குக் காலூன்றி நிற்றல் என்பது நிபந்தனையன்று. குறித்த நேரத்தில் அவ்வெல்லைக்குள் இருந்தால் போதும். அமர்ந்திருக்கலாம், நோயாளி படுத்திருக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் ஒட்டகத்தின் மீது அமர்ந்தவாறு அங்கு இருந்தார்கள். எனவே ‘நிற்றல்’ நேர்ப்பொருளாயினும் வழிகாட்டும் சொல் ஆகாது.

‘தங்குதல்’ ஏன் பொருந்தவில்லை? தங்குதல் என்பதில் இரவைக் கழித்தல் என்னும் பொருள் மேலோங்கி நிற்கிறது. விடுதியில் தங்குகிறோம், கடைத்தெருவில் தங்குவதில்லை. அரஃபாத்தை விட்டுச் சூரியன் மறைந்த பின் புறப்பட்டு முஸ்தலிஃபாவில் இரவைக் கழிப்பதற்கும், அடுத்த நாள்களில் மினாவில் இரவு தங்குவதற்கும் அச்சொல்லை ஒதுக்கி வைப்பதே முறை. அரபிலும் அவற்றிற்கு வேறு சொல்லே உண்டு. பகற்பொழுதில் நிகழ்வதற்கும் இரவில் நிகழ்வதற்கும் ஒரே சொல்லை ஆண்டால், முதன்முறை செல்லும் பயணி மூன்று இடங்களையும் ஒன்றெனக் கொள்ளக்கூடும்.

இலங்கை முஸ்லிம்கள் இதற்குத் ‘தரித்தல்’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். அங்கே பேருந்து நிற்குமிடம் தரிப்பிடம். வண்டி தரித்து நின்றது என்பர். தமிழ்நாட்டிலும் ஓரிடத்தில் கால் தரிக்காதவன் என்னும் பேச்சு வழக்கு இன்னும் அழியவில்லை. செல்லும் வழியில் ஓரிடத்தில் அமைந்து, மீண்டும் புறப்படும் கருத்தோடு இருத்தல் என்பதே அதன் பொருள். உடலின் நிலை எதுவாயினும் ஆகுக. வுகூஃபுக்கு இதனினும் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. ஒரு தடை மட்டும் எழுந்தது. நம் பகுதியில் தரித்தல் என்றதும் ஆடை தரித்தலே நினைவுக்கு வரும். அக்கையேட்டின் அதே பக்கத்தில் ‘இஹ்ராம் தரித்து’ என்றும் அச்சாகியிருந்தது. இரண்டு தரித்தலும் அடுத்தடுத்து நின்றால் படிப்போர் மயங்குவர். நம் வீட்டுப் பெரியோர் ‘இஹ்ராம் கட்டி’ என்றே சொல்லிவந்துள்ளனர். முன்னதை அவ்வாறு மாற்றினேன். பின்னதில், ‘அரஃபாத்தில் தரித்திருக்க வேண்டும், நின்றோ, அமர்ந்தோ, இயலாதோர் படுத்தோ இருக்கலாம்’ என்று எழுதி மெய்ப்பினைத் திருப்பி அனுப்பினேன்.